அம்மா கொடுத்த குறுந்தகடு

என் ஆசிரியர் காலமான மறு ஆண்டு, 2019இல், அவருடைய துணைவியார் என்னை வீட்டிற்கு அழைத்து ஒரு குறுந்தகட்டைக் கையில் வைத்தார். "அவர் சேத்துவச்ச சொல்லெல்லாம் இதுலதான் இருக்குன்னு சொல்லுவாரு தம்பி. சீட்டெல்லாம் கரையான் தின்னுட்டுது" என்றார். இருபதாண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஆசிரியர் திரட்டிய வட்டார வழக்குச் சொற்கள் அவை. தொண்ணூறுகளில் கிடைத்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றில், தம் கையாலேயே உள்ளிட்டிருந்தார். கோப்புகளோடு அம்மென்பொருளும் தகட்டில் இருந்தது.

துறைக்குப் புதிதாக வந்திருந்த கணினியில் அதை இட்டேன். 'இந்த மென்பொருள் உங்கள் கணினியில் இயங்காது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. தகடு பழுதில்லை, கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. திறக்கத்தான் இயலவில்லை.

இத்தகைய அவமானம் எனக்குப் புதிதன்று. 2010இல் டெபியன் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவ ஆசைப்பட்டேன். i386, amd64, ia64 என்று பல பதிப்புகள் வரிசையாக நின்றன. எங்கள் கணினியின் நெற்றியில் இன்டெல் என்று ஒட்டியிருந்தது. ஏஎம்டி அதன் போட்டி நிறுவனம் ஆயிற்றே என்று அதைத் தள்ளிவிட்டு, 'ஐ' என்றால் இன்டெல்தான் என முடிவுகட்டி ia64ஐ இரவெல்லாம் தரவிறக்கினேன். கணினி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

என் ஊகம் பாதி சரி. ia64 இன்டெல்லுடையதே. ஆனால் அது 2001இல் வெளிவந்த ஐட்டேனியம் என்னும் வழங்கிச் செயலிக்கானது. நம் மேசைகளிலுள்ள எக்ஸ்86 குடும்பத்தை 64 பிட்டுக்கு விரித்து 2003இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி. மறு ஆண்டே இன்டெல்லும் அவ்வழிக்கு வந்தது. வழியை வெட்டியவர் பெயரே பதிப்புக்கு நிலைத்துவிட்டது.

(செயலி என்ற சொல்லை இன்று கைப்பேசி மென்பொருளுக்கும் வழங்குகிறார்கள். இங்கே நான் கணினியின் மூளையான சில்லையே சொல்கிறேன்.)

'எடு', 'கூட்டு', 'வை' போன்ற கட்டளைகளை எந்தெந்த எண்களாகச் சொன்னால் ஒரு செயலிக்கு விளங்கும் என்பதை வகுப்பதே அதன் கட்டமைப்பு. கைப்பேசியிலுள்ள ஆர்ம் செயலிக்கு அவ்வெண்கள் வேறு, எக்ஸ்86க்கு வேறு. ஒன்றுக்கென ஆக்கிய இயங்குதளம் மற்றதில் எழாது. இலக்கிய மாணவனுக்குப் பதிப்பு என்றால் முந்தியது, பிந்தியது, பாடபேதம் உடையது. ஒரே ஆண்டில், ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று மாற்றாக இயலாத பதிப்புகள் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இனி ஆசிரியரின் தகடு. கணினித் துறை மாணவர் ஒருவரை அழைத்தேன். பார்த்த மாத்திரத்தில், "ஐயா, இது 16 பிட் மென்பொருள். உங்க விண்டோஸ் 64 பிட். அது இதைச் சேத்துக்காது" என்றார். கணினியை மாற்ற வேண்டுமா என்றேன். "கணினி அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் பதிப்பைத்தான் மாத்தணும்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. நம் மேசைக் கணினியின் 64 பிட் செயலியில் 32 பிட் இயங்குதளத்தை நிறுவலாம். 32 பிட் செயலியில் 64 பிட்டை நிறுவ இயலாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஏற்கும். அதற்கும் முந்திய 16 பிட்டைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பிலோ, பழையவற்றை இயக்கும் ஓர் உறுப்பைக் கேட்டு நிறுவிக்கொள்ளலாம். பேரனோடு மட்டும் பேசும் வீடு ஒன்று, பாட்டனையும் திண்ணையில் இருத்தும் வீடு ஒன்று. செயலி இரண்டிலும் அதுவேதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 32 பிட்டால் சுட்டக்கூடிய நினைவக முகவரிகள் 4,294,967,296, அதாவது 4 ஜிபி. எங்கள் கணினியில் இருந்தது 8. "பாதி வீணாப் போகுதே ஐயா" என்று அந்த மாணவர் மெய்யாகவே வருந்தினார். எனக்கு வருத்தமில்லை. அன்று மாலை முதற்கோப்பு திறந்தபோது ஆசிரியரின் தட்டச்சுப் பிழைகள் உட்பட எல்லாம் இருந்தன. ஒற்று மிகும் இடங்களில் என்னைக் கடிந்துகொண்ட மனிதர், தாமே பல இடங்களில் ஒற்றை விட்டிருந்தார்.

பின்னர் 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. டெபியனும் அதே ஆண்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் எக்ஸ்86 கணினிகளுக்கு நிறுவி வெளியிடுவதில்லை. ஆகவே அந்தக் கணினியின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் துறையின் மூலையில் வைத்திருக்கிறோம். மென்பொருளின் எழுத்துக் குறியீடு யூனிகோடு அன்று. மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறிவிடுகின்றன. ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. தகர வரிசை வரை முடித்து அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நகரம் தொடங்கவில்லை.