வலியும் காலமும் இடமும்

செய்யுளும் உரையும் பயிலும் மாணவன் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுதல் கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும், ஏட்டிற் படித்தும் யான் உணராத ஒன்றைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பழைய எஞ்சின் எனக்கு உணர்த்திற்று. அதனை ஈண்டுக் கூறுவேன்.

என் தந்தையார் பள்ளியாசிரியர். அவரிடம் பழைய ‘புல்லட்’ மோட்டார் சைக்கிள் ஒன்றுண்டு. இவ்வகை வண்டி 1955 முதற்கொண்டு சென்னையில் உருப்பெறத் தொடங்கியது. அதன் எஞ்சின் 346 சி.சி. அளவினது, சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். வால்வுகள் இரண்டு: ஒன்று பெட்ரோல் கலந்த காற்றுப் புகும் வாயில், மற்றொன்று புகை வெளியேறும் வாயில். அவற்றைத் திறப்பன கேம்கள். கேமின் மேடு உயர்ந்திருப்பின் வால்வு மிகுதியாகத் திறக்கும்; அகன்றிருப்பின் நெடுநேரம் திறந்திருக்கும்.

யான் பரிசுப் பணத்தைச் சேர்த்துப் பந்தய வண்டிக்குரிய கேம்களை வாங்கி, தந்தையாரிடம் கூறாமலே பொருத்துவித்தேன். நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. யானும் பெருமிதமுற்றேன்.

மறுநாட் காலை தந்தையார் அன்னையாரைப் பின்னே அமர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றார். ரயில்வே கேட்டில் நெரிசலினிடையே மெல்ல ஊர்ந்தபோது, எஞ்சின் குலுங்கித் தண்டவாளத்தின்மேலேயே நின்றுவிட்டது. மும்முறை உதைத்தும் பயனில்லை. வழிப்போக்கர் இருவர் தள்ளி உதவினர். தீங்கு யாதும் நேர்ந்திலது. வீடு திரும்பிய தந்தையார், “வண்டிக்கும் எனக்கும் வயதாகிவிட்டது” என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அன்றிரவே உண்மையை உரைத்தேன். அவர் சினந்திலர், “நாளை மெக்கானிக்கிடம் சேர்ந்தே போவோம்” என்றார்.

முதியவராகிய அம்மெக்கானிக் என்னை நோக்கி, “தம்பி, இவ்வண்டி ஓடுவது பந்தயத்திலா, பள்ளிக்கூடத்துக்கா?” என்று வினவினார். பின்னர்ப் பொறுமையுடன் விளக்கினார். அகன்ற கேம் காற்று புகும் வால்வைக் காலந்தாழ்த்தே மூடும். எஞ்சின் விரைந்து சுழலுங்கால், உட்புகும் காற்று தன் வேகத்தாலேயே தொடர்ந்து நுழைந்து சிலிண்டரை நிரப்பும். மெல்லச் சுழலுங்காலோ, மேலெழும் பிஸ்டன் அக்காற்றைக் கார்புரேட்டருக்கே திருப்பித் தள்ளும். இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரமும் நீளுதலால், எரிந்த புகை புதுக்காற்றோடு கலக்கும். அன்றியும், உயரத் திறக்கும் வால்வு பிஸ்டனில் மோதாதென்றும், ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாவென்றும் அளந்தறிதல் வேண்டும். யான் இவற்றுள் ஒன்றும் அளந்திலேன்.

பழைய கேம்களே மீண்டும் பொருத்தப்பட்டன. வால்வுகள் தம் இருக்கையில் காற்றுக் கசியாது படியுமாறு தேய்க்கப்பட்டன; தளர்ந்த ஸ்பிரிங்குகளும் தேய்ந்த கைடுகளும் மாற்றப்பட்டன. செலவு, பந்தயக் கேம்களுக்குக் கொடுத்ததிற் பாதியே. வண்டி கடைத்தெருவில் இப்பொழுது முன்னினும் இனிதாய் ஊர்கின்றது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலை மாணவர் அறிவர். தேர்வில் அவற்றைப் பற்றி நிறைய எழுதியவனே யான். எனினும், கேம் வாங்கும்போது முதலதிகாரத்தோடு நின்றுவிட்டேன். தந்தையார் இன்றும் அவ்வண்டியிலேயே பள்ளிக்குச் செல்கின்றார். ரயில்வே கேட்டை அவர் கடந்திருப்பார் என்னும் நேரம் வருந்துணையும் என் செவி தெருவிலேயே இருக்கின்றது.