நூலகக் கணினியும் ஆறு வினாக்குறிகளும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவரைக் கேட்டால், தத்தங் காலத்து விடுதிச் சோற்றையும், கிரிக்கெற் போட்டியையும், பிரம்பெடுத்த ஆசிரியரையும் பற்றி எழுதுவரென்பது யாவரும் எதிர்பார்ப்பதே. அவற்றை என்னினும் நன்கு எழுதவல்லார் இம்மலரிற் பலர் உளர். ஆதலின், அண்மையில் நம் கல்லூரி நூலகத்தில் நேரிற் கண்ட ஒரு சிறு சிக்கலையும் அது தீர்ந்த வகையையும் எழுதத் துணிந்தேன். கணினியிற் புதிதாக நிறுவிய செய்நிரலொன்று தொடங்க மறுத்தமையே அச்சிக்கல். இத்தகைய தொல்லை இக்காலத்தில் வீடுதோறும் உண்டு. எனினும், இதன் அடியிற் கிடந்த காரணம் நம்மனோர் அறிந்து வைத்திருக்கத் தக்கது.

நூலகத்தில் மூன்று கணினிகள் உள. மூன்றும் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருங்கே வாங்கியளித்தவை; ஒரே அமைப்பின; மூன்றிலும் விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையே இயங்குவது. நூற்பட்டியலைக் கையேடுகளிலிருந்து கணினிக்கு மாற்றும் பொருட்டு, வெளிநாட்டார் ஆக்கி இலவசமாக வழங்கும் செய்நிரலொன்றை நூலகப் பொறுப்பாசிரியை தெரிந்தெடுத்தார். உயர்தர வகுப்பு மாணவனொருவன் அதனை மூன்றிலும் நிறுவினான். இரண்டில் அது செவ்வனே இயங்கிற்று. மூன்றாவதிலோ, நிறுவும் வேலை இனிது முடிந்ததென அறிவித்தது. திரையிற் படக்குறியுந் தோன்றிற்று. அதனை இருமுறை சொடுக்கினாற் சுட்டி ஒரு கணஞ் சுழன்று ஓய்ந்தது. சாளரமுந் திறக்கவில்லை; பிழைச் செய்தியும் எழவில்லை. நூல்களைக் கொடுப்பதும் வாங்குவதும் நிகழும் முன்மேசையில் இருப்பது இம்மூன்றாவது கணினியே. விழாவுக்கு முன் பட்டியலை முடித்துவிட வேண்டுமென அதிபர் விரும்பினார். அதனால் எல்லாரும் அதனைச் சூழ்ந்து நின்றனர்.

யான் கணினித் தொழிலிற் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவன். அழைத்தமையாற் சென்றேன். அதற்குள் வழக்கமான பரிகாரங்கள் யாவும் நடந்தேறியிருந்தன. கணினியை அணைத்து மீள எழுப்பினர். செய்நிரலை நீக்கி மூன்று முறை மீண்டும் நிறுவினர். நிருவாக உரிமையோடு இயக்கிப் பார்த்தனர். வைரசுக் காவலைச் சற்றே நிறுத்தியும் பார்த்தனர். ஒருமுறை கேளாத மருந்தை மும்முறை புகட்டுவதில் நம்மவர்க்குள்ள நம்பிக்கை பெரிது. மீள நிறுவுதலால் பெரும்பாலும் தீர்வது ஒரு குறைதான்: கோப்புக்கள் குறையாகவோ சிதைந்தோ வந்திருந்தால் அது சரியாகும். ஏனைய பலவற்றுக்கு அது மருந்தாகாது.

தொடங்க மறுக்குஞ் செய்நிரல்கள் எல்லாம் ஒரே வகையாக மறுப்பதில்லை. அதற்கு வேண்டிய துணை நூற்றொகுதி ஒன்று, சான்றாக விசுவல் சி பிளஸ் பிளஸ் இயக்கத் தொகுதி, கணினியில் இல்லையெனின், இன்ன கோப்பைக் காணவில்லை எனப் பெயர் சொல்லியே திரையில் முறையிடும். 16 பிற்றுக் காலத்துப் பழஞ் செய்நிரலை 64 பிற்று விண்டோசில் இட்டால், இது இங்கே இயங்காதென முறைமையே கூறிவிடும். வைரசுக் காவலன் கவர்ந்து சென்றிருப்பின், நிறுவிய இடத்தில் முதன்மைக் கோப்பே இராது. முன்னே தொடங்கியது முழுதும் மடியாது பின்னணியில் ஒளிந்து கிடப்பின், ராஸ்க் மனேஜர் என்னும் பட்டியலில் அதன் பெயரைக் காணலாம். தொடங்கிய கணத்திலே நிலைகுலைந்து வீழ்ந்திருப்பின், ஈவென்ற் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேட்டில் 1000 என்னும் எண்ணோடு ஒரு குறிப்பு விழுந்திருக்கும்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதன்மைக் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ராஸ்க் மனேஜரில் அதன் பெயர் ஒரு நொடி தோன்றி மறைந்தது. நிகழ்வுப் பதிவேட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமையும் ஒரு செய்தியே. செய்நிரல் வீழ்ந்து மடியவில்லை. தொடங்கி, எதனையோ தேடி, அது கிட்டாமையால் வாய் திறவாது தானே வெளியேறுகின்றது. அப்படியாயின், தான் தேடியதை எங்கேனும் எழுதி வைத்திருக்கலாம். நல்ல செய்நிரலார் தமக்கென ஒரு பதிவுக் கோப்பு வைப்பது வழக்கம். புரோகிராம் டேற்றா என்னும் மறைந்த கோப்புறையுள் அது கிடைத்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரே வரி: இன்ன இடத்திலுள்ள அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை. அவ்விடத்தின் முகவரி, சி வட்டு, அதனுள் யூசர்ஸ், அதனுள் ஆறு வினாக்குறிகள், அதனுள் ஆப்டேற்றா என ஓடிற்று.

பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வினாக்குறிகள்! அருகில் நின்ற ஆசிரியர் ஒருவர், கோப்புச் சிதைந்துவிட்டது போலும் என்றார். நிறுவிய மாணவனோ சிறிது நேரம் அதனையே நோக்கி நின்று, "ஐயா, இந்தக் கணினியின் கணக்குக்கு மாத்திரம் நான் 'நூலகம்' என்று தமிழிற் பெயரிட்டேன், மற்றவை இரண்டும் ஆங்கிலப் பெயர்" என்றான். உடனே தனக்குத்தானே மறுப்புங் கூறினான்: "ஆனால் நூலகம் என்பதில் எழுத்து நான்குதானே?"

நன்னூல் கற்ற நமக்கு நான்குதான். நூ, ல, க, ம். கணினியின் கணக்கு வேறு. யூனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் உயிர்மெய் ஒவ்வொன்றும் தனிக்குறி பெறவில்லை. ந ஒரு குறி, அதன் ஊகாரக் கொம்பு ஒரு குறி, ல ஒன்று, க ஒன்று, ம ஒன்று, அதன் தலைமேற் புள்ளி ஒன்று; ஆக ஆறு. வினாக்குறியும் ஆறு. அந்த எண் பொருந்தியபோதே நோய் இன்னதெனத் தெளிந்தது.

ஆங்கிலக் கணினிகளுக்கென 1963 இல் வகுக்கப்பட்ட அஸ்கி என்னும் குறிமுறையில் இடங்கள் 128 மாத்திரமே. பின்னர் அது 256 ஆக விரிந்து, நாட்டுக்கு நாடு வேறுபட்ட பட்டியல்களாயிற்று. மேல் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், கிரேக்கருக்கு ஒன்று, அரபியருக்கு ஒன்று என விண்டோசும் அவற்றை ஏற்றது. தமிழுக்கு அதில் அத்தகைய பட்டியல் ஒருபோதும் அமைக்கப்படவில்லை. 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 இற் புகுந்தபோது தமிழ் அந்த வழியாகவே நேரே புகுந்தது. சிங்களத்துக்கும் பழைய பட்டியல் கிடையாது. அவ்வகையில் இரு மொழியும் ஒரே திண்ணையில் இருப்பன.

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. முதற்கொண்டு, அம்முறைமையின் உள்வீடு முழுதும் யூனிக்கோட்தான். ஆயின், பழைய செய்நிரல்கள் கைவிடப்படலாகாதென அதற்கு இரு வாசல்கள் வைத்தனர். ஒன்று எல்லா எழுத்தும் நுழையத்தக்க அகன்ற வாசல். மற்றது கணினிக்கு அமைந்த பழைய பட்டியலில் உள்ள எழுத்துக்கள் மாத்திரம் நுழையும் ஒடுங்கிய வாசல். ஒடுங்கிய வாசலில் வந்து 'பயனரின் கோப்புறை யாது?' எனக் கேட்கும் செய்நிரலுக்கு, பட்டியலில் இல்லாத குறி ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு வினாக்குறியை முறைமை கொடுத்தனுப்பும். வினாக்குறியோ விண்டோசிற் கோப்புப் பெயருள் வரவே கூடாதென விலக்கப்பட்ட குறி. ஆகவே அம்முகவரியில் எக்காலத்தும் எக்கோப்பும் இருத்தல் இயலாது.

நிறுவும் வேலை ஏன் இடரின்றி முடிந்தது என்பதும் இதனால் விளங்கும். நிறுவிய கோப்புக்கள் சென்ற இடம் புரோகிராம் பைல்ஸ். அது ஆங்கிலப் பெயர். முதன்முறை தொடங்கும்போதுதான், பயனர்தம் விருப்பங்களை எழுதிவைக்க அவர் பெயருடைய கோப்புறையைச் செய்நிரல் நாடுகின்றது. அங்கேதான் கதவு சாத்திக் கிடந்தது.

ஓர் ஆசிரியர் இதனை ஏற்கவில்லை. கணக்கின் பெயரைத் தாமே முன்னாள் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்ததாகவும், பயனில்லையாகவே பெயர் காரணமன்று என முடிவு செய்து மீண்டுந் தமிழாக்கியதாகவுங் கூறினார். நியாயமான தடை. ஆனால் விண்டோசிற் கணக்கின் பெயரை மாற்றினால் மாறுவது திரையிற் காட்டும் பெயரே. கணக்கை முதன்முதல் ஆக்கிய நாளில் எப்பெயர் இடப்பட்டதோ அப்பெயரே கோப்புறைக்கு நிலைத்துவிடும். பலரை ஏமாற்றும் இடம் இது. ஐயம் தீரப் புதுக்கணக்குகள் இரண்டு ஆக்கினோம். ஆங்கிலப் பெயரிட்டதிற் செய்நிரல் உடனே திறந்தது. 'அ' என ஒற்றை எழுத்தாற் பெயரிட்டதில் திறக்கவில்லை. பதிவுக் கோப்பில் ஒரேயொரு வினாக்குறி விழுந்தது. மாணவன் வாய்விட்டுச் சிரித்தான்.

இனி என் செய்வது? ஆங்கிலப் பெயருடைய கணக்கே போதும், வேலை நடக்கட்டும் என்றனர் சிலர். அவர் கூற்றும் பிழையன்று. பட்டியல் வேலை ஒருவர் பெயருக்காகக் காத்திராது. ஆயினும் எனக்கு அது முழுதும் உவப்பாயிருக்கவில்லை. நாம் நெடுங்காலமாக இவ்வாறே விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டோம். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென அமைந்த தட்டச்சுப் பொறியில் நம் எழுத்துக்களை அடக்கத் அரிதின் முயன்றார்; அது பொறியின் எல்லைக்குள் தமிழைக் கொணர்ந்த அரும்பணி. அதன் பின் வந்த பாமினி முதலிய எழுத்துருக்களோ ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வேடம் புனைந்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வேடம் கலைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே எஞ்சும். நம் ஊர் அச்சகங்கள் பல ஆண்டுகளாக அதனைக் கொண்டே நூல் கோத்தன. உள்ளே ஆங்கிலமாக இருந்தமையால் எச்செய்நிரலுக்கும் அது இடர் செய்யவில்லை. இடர் செய்யாமையால் நம் குறையை எச்செய்நிரலாரும் அறியவில்லை. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அச்செய்தி இச்செய்நிரலுக்கு எட்டவில்லை என்று மாணவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

வேறொரு வழி உண்டு. 1992 இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எப்.-8 என்னும் முறையில், யூனிக்கோட் குறி எதுவும் பழைய ஒடுங்கிய வாசலினூடு துண்டு துண்டாகச் செல்லவல்லது. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று துண்டுகள். நூலகம் என்பதற்குப் பதினெட்டு. ஒடுங்கிய வாசலுக்கும் அம்முறையையே பட்டியலாகக் கொள்க எனக் கட்டளையிடும் தெரிவொன்று 2018 இல் விண்டோசிற் சேர்க்கப்பட்டது. பரீட்சார்த்தம் என்னும் எச்சரிக்கையோடுதான். பிரதேச அமைப்புக்களின் நிருவாகப் பகுதியில் அதனைத் தெரிந்து, கணினியை மீள எழுப்பினோம். நூலகம் என்னும் பெயரிலேயே செய்நிரல் திறந்தது. மறுநாள், அதே கணினியிலிருந்த பழைய சிட்டை அச்சிடுஞ் செய்நிரலில் சில குறியீடுகள் குழம்பித் தோன்றின. அது மேல் ஐரோப்பியப் பட்டியலையே நம்பி எழுதப்பட்டது. சிட்டை வேலையை அடுத்த மேசைக்கு மாற்றினோம்.

முறையான தீர்வு ஆக்கியோர் கையிலேயே உண்டு. அகன்ற வாசலைப் பயன்படுத்த வேண்டும். அல்லது, 2019 முதல் விண்டோஸ் இடந்தரும் வகையில், தன் விவரணக் கோப்பில் யூ.ரி.எப்.-8 வேண்டுமென ஓரிரு வரி சேர்க்கவேண்டும். இதனை விளக்கி, பதிவுக் கோப்பையும் இணைத்து, மாணவனே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினான். யான் இரண்டு காற்புள்ளிகளை மாத்திரம் திருத்தினேன். பத்து நாளில் மறுமொழி வந்தது. இப்படியொரு முறையீடு தமக்கு முன் வந்ததில்லை என்றும், திருத்தம் அடுத்த பதிப்பில் இடம்பெறும் என்றும், சோதித்துப் பார்க்கத் தமிழ்ப் பெயர்கள் சில அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தனர்.

அப்பெயர்களைத் தெரிவதில் அவ்வகுப்பு மாணவர் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தனர். நூலகம் முதலில் இடம்பெற்றது. ஸ்ரீ சேர்க்கப்பட்டது, பார்வைக்கு ஓரெழுத்து, கணினிக்கு நான்கு குறி. ஆய்தத்தின் பொருட்டு அஃது என்பதும் சேர்ந்தது. கோகிலம் என்பதை இருமுறை எழுதினர். கோ என்பதன் ஓகாரத்தை ஒரே குறியாகவும் இடலாம், ஏகாரக் கொம்பும் அரவுமாக இரு குறியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கோப்புறைப் பெயராக இரண்டும் வேறு. அந்த இரட்டைக் கோகிலத்தைக் கண்டு அவர்கள் என்ன எழுதுவரென மாணவர் இன்னும் காத்திருக்கின்றனர்.