உல்லாசக் கப்பலும் பயணியின் கணக்கும்

கடல் கடந்தோர்க்கு ஒரு காலத்திற் கப்பல் என்பது கருவி மட்டுமே. பொருள் தேடியோ கல்வி நாடியோ போர்முனை நோக்கியோ சென்றவர் எவரும் கப்பலிற் கழியும் நாட்களுக்காகக் கப்பலேறினாரல்லர். கரை காணும் நாளையே எண்ணியிருந்தனர். இன்று உல்லாசக் கப்பலில் ஏறுபவருக்கோ போய்ச் சேரவேண்டிய ஊர் ஒன்றில்லை. ஏழு நாட்களின் பின் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருவதற்காக அவர் பணம் செலுத்துகிறார். இடையில் உண்பதும் உறங்குவதும், ஆடல் பாடல் காண்பதும், மூன்று நான்கு ஊர்களில் இறங்கி ஏறுவதுமே அப்பயணத்தின் பயன். ஆயினும் இவ்வின்பத்தை நாடிச் சென்றோருட் பலர் மனக்குறையுடன் திரும்புகின்றனர். அக்குறைகள் தற்செயலாக நேர்வனவல்ல. கப்பல் இயங்கும் முறையிலிருந்தே பிறப்பன. அம்முறையை விளங்கிக்கொள்வதே பயணிக்குக் கூறத்தக்க அறிவுரைகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

உல்லாசக் கப்பலின் தோற்றமே ஒரு வணிகச் சிக்கலின் விளைவு. வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் மாரிகாலத்திற் பயணிகள் குறைவு. துறைமுகத்திற் கட்டிவைத்த கப்பலுக்கோ செலவு குறைவதில்லை. ஹம்பேர்க்-அமெரிக்கக் கப்பற் கம்பனியைச் சேர்ந்த அல்பேட் பலின் என்பவர் 1891 ஆம் ஆண்டின் மாரியில் 'ஒகஸ்ரா விக்ரோறியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். அதன் வெற்றியைத் தொடர்ந்து, இத்தகைய பயணத்துக்கென்றே கட்டப்பட்ட 'பிறின்செசின் விக்ரோறியா லூயிசே' 1900 இல் நீரில் இறக்கப்பட்டது. 1958 இல் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியதும் கப்பலிற் சமுத்திரம் கடப்போர் தொகை விரைந்து வீழ்ந்தது. பழைய தொழிலை இழந்த கப்பல், விடுதித் தொழிலிற் புகுந்தது. 1966 இல் மியாமித் துறைமுகத்திலிருந்து தொடங்கிய கரிபியன் பயணங்கள் இன்றைய பெருந்தொழிலுக்கு வழிவகுத்தன. 2024 சனவரியில் முதற்பயணம் சென்ற 'ஐக்கன் ஒவ் த சீஸ்' 7,600 பயணிகள் வரையும் 2,350 பணியாளரும் தங்கக்கூடியது. நமது சிறு பட்டினம் ஒன்றின் மக்கள் முழுவதும் ஒரே கூரையின்கீழ் மிதந்து செல்வதற்கு இது ஒப்பாகும்.

பயணியின் முதலாவது மனக்குறை பணம் பற்றியது. விளம்பரத்திற் காணும் கட்டணம் பெரும்பாலும் படுக்கைக்கும் பொது மண்டபத்து உணவுக்குமே உரியது. மென்பானம், மது, சிறப்பு உணவுச்சாலை, இணையத் தொடர்பு, சலவை, கரையில் ஊர் சுற்றிப்பார்த்தல் முதலியவற்றுக்கு வேறாகச் செலுத்தவேண்டும். 'சந்தோசம்' என வழக்கிற் கூறப்படும் பணியாளர் அன்பளிப்பும் பல கப்பல்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டொலர் எனத் தானாகவே கணக்கிற் சேர்க்கப்படும். கப்பலினுள் நாணயமும் தாளும் புழங்குவதில்லை. அறைத் திறப்பாகவும் பணப்பையாகவும் பயன்படும் ஓர் அட்டையே எங்கும் நீட்டப்படுகிறது. கையிலிருந்து காசு குறைவதைக் கண் காணாதவிடத்து மனம் அதனை உணர்வதில்லை. இறுதி நாளிற் கணக்கைப் பார்க்கும்போதே பலர் திடுக்கிடுகின்றனர்.

இதனை வஞ்சனை என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், அதன் காரணத்தை அறிதல் கூடிய பயன் தரும். கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிடுவது ஏறும் கட்டணத்திலேயாகும். வெறுமையான அறை எவ்வித வருவாயும் தராது. குறைந்த விலைக்கேனும் அதனை நிரப்பிவிட்டால், உள்ளே வந்தவர் அருந்துவதிலும் சூதாடுவதிலும் பொருள் வாங்குவதிலும் இலாபத்தைத் தேடிக்கொள்ளலாம். எனவே, செலவைத் திட்டமிடுபவர் விளம்பரக் கட்டணத்தைத் தொடக்கத் தொகையாகவே கொள்ளவேண்டும். அன்பளிப்பு, துறைமுக வரி, கரைப் பயணம், காப்புறுதி ஆகியவற்றைக் கூட்டிய பின்னரே ஒரு பயணத்தை இன்னொன்றுடன் ஒப்பிடுதல் தகும். கணக்கை இறுதி நாள்வரை விட்டுவைக்காது நாள்தோறும் பார்த்தலும் நன்று.

இரண்டாவது மனக்குறை காலம் பற்றியது. கப்பல் பயணியின் நேரத்துக்கு ஓடுவதில்லை. துறைமுகத்தில் ஆறு அல்லது எட்டு மணிநேரம் நிற்கும். அதிலும் இறங்கும் வரிசைக்கும் ஏறும் வரிசைக்கும் ஒரு பகுதி கழியும். பெரிய கப்பல் கரையை அணுகமுடியாத ஊர்களில் சிறு படகுகளிலே பயணிகளை இறக்குவர். காற்றுப் பலத்தால் அவ்வூர் முற்றாகவே கைவிடப்படுதலும் உண்டு. ஊரின் நேரமும் கப்பலின் நேரமும் சிலவிடத்து வேறுபடுவதால், கப்பல் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மாற்றாமல் வைத்திருத்தல் நன்று. 2024 மார்ச் மாத இறுதியில் ஆபிரிக்காவின் மேற்கே சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகள் உரிய வேளையில் திரும்பாமையாற் கப்பல் அவர்களை விட்டுச் சென்றது. கப்பலை மீண்டும் பிடிப்பதற்கு அவர்களுட் சிலர் பல நாடுகளைக் கடந்து செனகல்வரை செல்ல நேர்ந்தது. கம்பனி ஒழுங்குசெய்யும் கரைப் பயணத்துக்கு விலை அதிகம். ஆயினும் அது தாமதித்தாற் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமே ஊர் சுற்றுவோர் செலவைக் குறைக்கலாம். அவ்விடத்து, திரும்பும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே துறைமுகத்தை அடையும் வகையில் திட்டமிடல் வேண்டும். கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்திறங்குதலும் ஆபத்தானதே; முதல்நாளே அவ்வூரை அடைந்து தங்குவதற்கான செலவு வீண்செலவன்று.

நாடுகளின் சட்டங்களும் பயண ஒழுங்கைத் தீர்மானிக்கின்றன. பெருங் கப்பல்கள் பல பகாமாஸ், பனாமா, மோல்ற்றா முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கியவை. அந்நியக் கொடியுடைய கப்பல் தன் இரு துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்வதை ஐக்கிய அமெரிக்காவின் 1886 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இதனாலேயே சியாற்றிலிருந்து அலாஸ்கா சென்று மீளும் கப்பல்கள் கனடாவின் விக்ரோறியாத் துறைமுகத்தைத் தொட்டு வருகின்றன. பலவேளைகளில் அங்கு அவை நிற்பது மாலையிற் சில மணிநேரமே. பூங்காக்களைக் காண எண்ணியவர் இருட்டில் இறங்கி ஏமாற்றமடைவர். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு இவ்விடயத்திற் கவனம் இன்னும் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுள் ஒன்றிற் கப்பலேறி, இடையே துருக்கித் துறைமுகம் ஒன்றைத் தொட்டு மீள்பவருக்கு ஒருமுறை நுழையும் விசா போதாது. கட்டணம் செலுத்து முன்னரே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உரிய விசா விதியைத் தனித்தனியே விசாரித்தறிதல் வேண்டும்.

மூன்றாவது, உடல் படும் பாடு. கடல் மயக்கத்துக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை பெறுதல் நன்று. ஊஞ்சற் பலகையின் ஓரத்திலும் அச்சுக்கு அண்மையிலும் ஆட்டம் வேறுபடுவது போலவே, கப்பலின் முனைகளிலும் உயர்ந்த தளங்களிலும் அசைவு கூடுதலாகவும் நடுவிற் குறைவாகவும் இருக்கும். வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் விளைக்கும் நோரோ வைரசு, பலர் ஒரே பாத்திரத்துக் கரண்டியைத் தொடும் இடங்களில் விரைந்து பரவும். மதுசாரக் கைதிரவம் இக்கிருமிக்கு எதிராக அதிகம் பயன்படுவதில்லை. சவர்க்காரமிட்டு நீரிற் கைகழுவுதலே தக்க காப்பு. கப்பல் மருத்துவரிடம் பெறும் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் உண்டு. நடுக்கடலில் ஒருவரை அவசரமாகக் கரைசேர்க்கும் செலவு பெருந்தொகையாகலாம். அதனையும் உள்ளடக்கிய காப்புறுதி இன்றிப் புறப்படுதல் அறிவுடைமையன்று.

பயணிகள் பலர் வெறுக்கும் இன்னொன்று, புறப்படும் வேளையில் நடத்தப்படும் பாதுகாப்புப் பயிற்சி. விடுமுறைக் களிப்பின் தொடக்கத்திலே அபாயச் சங்கொலியைக் கேட்டு, ஒன்றுகூடும் இடத்தை அறிந்துகொள்ளுமாறு பணிக்கப்படுதல் அவர்க்குத் தொல்லையாகத் தோன்றுகிறது. அதன் பின்னணியில் மரணங்கள் உள்ளன. 1912 இல் 'ரைற்றானிக்' மூழ்கியதை அடுத்து 1914 இற் கடலில் உயிர்க்காப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. 2012 சனவரி 13 இல் 'கொஸ்ரா கொன்கோர்டியா' இத்தாலியின் ஜீலியோத் தீவருகே பாறையில் மோதியபோது 32 பேர் இறந்தனர். அன்று கப்பலேறிய பலர் அதுவரை பயிற்சி எதனையும் பெற்றிருக்கவில்லை. 24 மணிநேரத்துக்குள் அதனை நடத்தினாற் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 சனவரி முதல், கப்பல் புறப்படு முன்னரோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்தப்படல் வேண்டும் என விதி திருத்தப்பட்டது. பயணி இழக்கும் அந்தச் சிறுபொழுது, முன்னர் இறந்தோர் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற பாதுகாப்பாகும்.

இதுகாறும் கூறியவை பயணியின் நலன் பற்றியன. ஆயின், கப்பலின் கணக்கை முழுவதும் பார்ப்பவர் இத்துடன் நிறுத்திவிட முடியாது. படுக்கை விரிப்பு நாள்தோறும் மாறுவதும், நள்ளிரவிலும் உணவு கிடைப்பதும் யாருடைய உழைப்பால் என்ற வினா எழுகிறது. அறைப் பணியாளரும் சமையற்காரரும் பெருந்தொகையாகப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வருவோர். ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான ஒப்பந்தத்தின்பேரில், பயணிகள் காணாத கீழ்த்தளங்களிற் சிற்றறைகளிலே வாழ்ந்து உழைக்கின்றனர். 2006 ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கையின்படி கொடிநாடு ஒன்று ஓய்வுநேர விதியைத் தெரிவுசெய்யின், ஏழு நாட்களிற் குறைந்தது 77 மணிநேரம் ஓய்வு வழங்கப்படல் வேண்டும். ஏழு நாட்களுக்கு 168 மணிநேரம். 77 ஐக் கழித்தால் எஞ்சுவது 91. ஒருவர் ஏழு நாட்கள் ஓய்ந்திருப்பதற்கு இன்னொருவர் 91 மணிநேரம் வரை உழைப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. இறுதிக் கணக்கிற் காணும் அன்பளிப்பை நீக்கிவிடுமாறு அலுவலகத்திற் கேட்டு வெல்வதைச் சிலர் பயண தந்திரமாகப் பிறர்க்கும் கற்பிக்கின்றனர். அன்பளிப்பையே ஊதியத்தின் ஒரு பகுதியாக்கிய முறை கண்டிக்கத்தக்கதே. ஆயின், அந்த முறை மாறும்வரை அவ்வாறு மீதப்படுத்திய பணம் கம்பனியின் பையிலிருந்து வருவதன்று. படுக்கை விரித்தவரின் பையிலிருந்தே வருகிறது.

கொவிட் பெருந்தொற்று இவ்வுண்மையை வெளிச்சமாக்கியது. 2020 பெப்ரவரியில் யப்பானின் யோக்கஹாமாவில் 'டயமண்ட் பிறின்செஸ்' தடுத்துவைக்கப்பட்டபோது அதிலிருந்த 3,711 பேருள் 700 பேருக்கு மேல் நோய்க்கு உள்ளாயினர். பயணிகள் அறைகளுள் இருந்தனர். அவர்களுக்கு உணவு கொண்டுசென்றோர் பணியாளரே. அவ்வாண்டு ஏப்ரில் 6 ஆந் திகதி, உலகைச் சுற்றிவந்த 'எம்.எஸ்.சி. மக்னிபிக்கா' எரிபொருளுக்காகக் கொழும்பை அடைந்தது. அதிற் பணிபுரிந்த இலங்கையர் ஒருவர் தம்மைச் சொந்த நாட்டில் இறங்க அனுமதிக்குமாறு காணொளி மூலம் வேண்டுகோள் விடுத்த பின்னரே கரையிறக்கப்பட்டுத் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பப்பட்டார். எத்தனையோ துறைமுகங்களைப் பிறர் கண்டு களிக்க உழைத்த ஒருவருக்குத் தம் துறைமுகத்தில் இறங்குதல் மன்றாடிப் பெறவேண்டிய ஒன்றாயிற்று.

கரையிலுள்ள ஊரும் இக்கணக்கிற் சேர்வதே. 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் சென் மார்க் பகுதியினூடாகச் செல்வது 2021 ஒகஸ்ட் முதல் தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 32,000 மக்கள் வாழும் அலாஸ்காவின் யூனோ நகரம், 2026 முதல் நாளொன்றுக்கு 16,000, சனிக்கிழமைகளில் 12,000 எனக் கப்பற் பயணிகளின் தொகைக்கு எல்லை வகுக்கக் கம்பனிகளுடன் இணக்கம் கண்டது. நமது கரையும் இவ்வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. 2023 யூன் மாதத்திற் சென்னையிலிருந்து வந்த 'எம்பிறெஸ்' என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. சில மணிநேரம் இறங்கும் பயணி கப்பலிலேயே உண்டு, கப்பல் ஒழுங்குசெய்த பேருந்திலேயே சுற்றி மீள்வாராயின் ஊருக்கு எஞ்சுவது நெரிசல் மட்டுமே. ஊரவரின் கடையில் உண்டு, ஊரவரின் வாகனத்திற் சென்று, ஊரவர் செய்த பொருளை வாங்குவாராயின் அவ்வருகையால் இருபாலாரும் பயன் பெறுவர்.

ஆகவே உல்லாசக் கப்பற் பயணத்தை வெறுத்து ஒதுக்கவேண்டியதில்லை. முதியோர்க்கும் நடக்க இயலாதோர்க்கும், மூட்டை முடிச்சுடன் ஊரூராக அலையமுடியாத குடும்பத்தினர்க்கும் அது உண்மையில் வசதியானதே. ஆயின், கட்டணத்தின் குறைவு எங்கிருந்து வருகிறது, அக்குறைவை யார் ஈடுசெய்கிறார் என்பவற்றை அறிந்து செல்பவரே ஏமாற்றமின்றித் திரும்புவர். செலவையும் நேரத்தையும் உடல்நலத்தையும் கணக்கிடும் பயணி, தம் அறைக் கதவைத் தட்டுபவரின் பெயரையும் கேட்டறிந்து, அவருக்கு உரியதை முழுமையாகக் கொடுத்து இறங்குதல் வேண்டும். பயணிக்குரிய அறிவுரைப் பட்டியல்கள் பலவற்றில் இதற்கு இடமில்லை. அவற்றுள் முதலிடம் பெறத்தக்கது இதுவே.