காரைக்குடியில் மெயில் பழுது பார்ப்பவர்கள்

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய அலுவலகம். வெளியே 'வெப்சைட் டிசைனிங், ஹோஸ்டிங்' என்று போர்டு. உள்ளே பாதி நேரம் நடப்பது போர்டில் இல்லாத வேலை. அனுப்பிய மெயில் ஏன் போகவில்லை, வரவேண்டிய மெயில் எங்கே நின்றது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்துபவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்கள் எல்லாம் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். வெளியூர் ஆர்டரை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. மெயில் நின்றால் வியாபாரம் நிற்கும். அதனால்தான் இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போனேன்.

அன்று வந்திருந்தவர் ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். நகக்கண்ணில் மஞ்சள் சாயம் போகாமல் நின்றது.

"ஏம்மா, வெப்சைட்டுல பேரு, போன் நம்பர் கேட்டு ஒரு பாரம் இருக்குல்ல? அதுல எழுதிப் போட்டும் பதில் இல்லைன்னு சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணிச் சத்தம் போடுறாரு. எனக்கு ஒண்ணுமே வரலையே!"

எதிரே இருந்த பெண் கீபோர்டைத் தொடவில்லை. "மெயிலை கூகுளுக்கு மாத்துனது எப்பண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"போன ஆடியில."

"அதுக்கப்புறம் வெப்சைட்டுல இருந்து ஏதாவது வந்துச்சா?"

அவர் யோசித்தார். வரவில்லை.

எனக்கு இந்தத் தொழிலின் திறமை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தெரிந்தது. வெப்சைட் இருப்பது ஹோஸ்டிங் சர்வரில். மெயில் பெட்டி மட்டும் கூகுளுக்குப் போய்விட்டது. ஆனால் இந்த டொமைனுக்கான மெயில் இனி வெளியே இருக்கிறது என்று பழைய சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. பாரத்தை நிரப்பி ஒருவர் அனுப்பினால், 'இது என் வீட்டு மெயில்தானே' என்று சர்வர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி கிடையாது, எதுவும் திரும்பி வராது. அந்தப் பெண் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலில் பழைய பெட்டியைத் திறந்தார். படிக்காத மெயில்கள் தடித்த எழுத்தில் வரிசையாகக் கிடந்தன. கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் முற்றத்துக்கு டைல்ஸ் கேட்டிருந்தார். கோலாலம்பூரில் இருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அளவோடு படம் அனுப்பியிருந்தார். பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

மெயில் வெளியே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. தன்னிடமிருந்த ஒரு யாகூ முகவரியைப் போட்டுப் பாரத்தை அனுப்பிப் பார்த்தார். சர்வரின் லாகில் 550 என்று சிவப்பில் வந்தது. கூகுள் வாங்க மறுத்துவிட்டது.

இதுதான் அனுப்புநர் முகவரிச் சிக்கல். பாரத்தை எழுதிய டிசைனர், எழுதுகிறவரின் முகவரியையே அனுப்புநராக வைத்துவிட்டார். பட்டறைக்காரர் 'ரிப்ளை' அழுத்தினால் நேராக வாடிக்கையாளருக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மெயில் கிளம்புவது யாகூவிலிருந்து அல்ல, ஏதோ ஒரு ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. என் பெயரைச் சொல்லி என் சர்வரில் இருந்து வராத மெயிலை ஏற்காதீர்கள் என்று யாகூ 2014 ஏப்ரலிலேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டது. வாங்குகிற சர்வர் அதற்குக் கட்டுப்படுகிறது.

தபால் உறையின் மேல் ஒரு முகவரியும் உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு முகவரியும் எழுத முடியும் அல்லவா? மெயிலும் அப்படித்தான். ஜான் போஸ்டல் என்பவர் 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற மெயில் அனுப்பும் விதிகளில், அனுப்புகிறவர் சொல்வது உண்மையா என்று சோதிக்க வழியே இல்லை. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் பயன்படுத்திய வலை அது. பிறகு மோசடி பெருகியது. எந்த சர்வர் என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப், கடிதத்தில் டிஜிட்டல் கையெழுத்திடும் டிகிம், இவை இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் எல்லோரிடமும் எஸ்.பி.எஃப் அல்லது டிகிம் கேட்கின்றன. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம்.

பாரத்தில் இரண்டு வரி மாறியது. அனுப்புநராகப் பட்டறையின் சொந்த டொமைன் முகவரி, பதில் போகவேண்டிய இடத்தில் வாடிக்கையாளரின் முகவரி. யாகூ சோதனை உள்ளே வந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. பெங்களூருக்குப் பட்டறைக்காரர் அனுப்பும் கொட்டேஷன் எல்லாம் ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்தது. டொமைனின் ரெக்கார்டுகளைத் திறந்தால், பழைய ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று என்று இரண்டு எஸ்.பி.எஃப் வரிகள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. கூகுளில் டிகிமும் போடாமல் விட்டிருந்தார்கள். இரண்டு வரிகளையும் ஒன்றாக்கி, டிகிம் சாவியைச் சேர்த்தார் அந்தப் பெண். ரெக்கார்டின் ஆயுள் 14,400 விநாடி என்று இருந்ததால் பழைய வரி எல்லா இடத்திலும் மறைய நாலு மணி நேரம் ஆகலாம் என்றார்.

அந்த நேரத்தில் ஆத்தங்குடிக்குப் போய் வந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒருவர் குவளையிலிருந்து சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஒவ்வொரு இதழிலும் ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது நிறம் நிறத்தோடு கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டுக் கரண்டியால் மட்டப்படுத்தினார். சூளை கிடையாது. வெயிலும் தண்ணீர்த் தொட்டியும்தான். மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தருவது. இவ்வளவு கைவேலையும் விற்பது கடைசியில் ஒரு மெயில் போய்ச் சேர்வதில் இருக்கிறது.

திரும்பி வந்தபோது, பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்த சோதனை மெயிலின் மூலப் பிரதியை அந்தப் பெண் திறந்து வைத்திருந்தார். எஸ்.பி.எஃப், டிகிம் இரண்டுக்கும் 'பாஸ்'.

எல்லாப் பழுதும் இவர்கள் கையில் இல்லை. ஒரே சர்வரில் இருக்கும் வேறு யாருடைய வேர்டுபிரஸ் தளமோ ஹேக்காகி ஸ்பேம் அனுப்பினால், ஸ்பேம்ஹாஸ் போன்ற பட்டியலில் சர்வரின் ஐ.பி. ஏறிவிடும். அங்கே குடியிருக்கும் எல்லோரும் தண்டனை அனுபவிப்பார்கள். கெஞ்சிக் கேட்டு நீக்கும்வரை வசவு வாங்குவது இந்த மாடி அலுவலகம்தான். டொமைனை முதலில் வாங்கிய டிசைனர் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. அப்போது ஒரு ரெக்கார்டைக்கூட மாற்ற முடியாது.

"இதுக்குத் தனியா பில் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படி சார் போடுறது? ஹோஸ்டிங் பணம் கட்டிட்டோமேன்னு கேப்பாங்க."

இது நியாயமில்லை. வயரிங் பார்க்க வருகிறவருக்குக் கூலி கொடுக்கிறோம். தேடி, சோதித்து, காத்திருந்து சரிசெய்யும் இந்த வேலைக்கும் கூலி உண்டு. வாடிக்கையாளர்கள் கொடுக்கவேண்டும், இவர்களும் கூசாமல் கேட்கவேண்டும்.

உங்கள் தொழிலுக்கு வெப்சைட் இருந்தால் இன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நண்பரின் யாகூ முகவரியைப் போட்டு உங்கள் பாரத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வரவில்லை என்றால், ஹோஸ்டிங் பார்க்கிறவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.