கர்வமன்று, நண்பர்களே!

என்னைக் “கர்வம் பிடித்தவன்” என்பார் சிலர். நண்பர்களே, அது கர்வமன்று! விடுதி உணவுக்கூடத்தில் தட்டுகளின் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் நூறு பேரின் பேச்சும் ஒரே அளவில் என் செவியில் மோதுகின்றன. அவற்றுள் உங்கள் குரலை மட்டும் பிரித்தெடுக்க என்னால் இயல்வதில்லை.

சென்ற ஆண்டு மருத்துவர் ஒருவர் விளக்கிய பின்னரே காரணம் புரிந்தது. வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981-இல் லார்னா விங் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை ஆட்டிச நிறமாலையில் சேர்த்தது. பெயர் மாறினும் இயல்பு மாறவில்லை. வளர்ந்த பின்னும் உடன் வருகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். “நாலு பேரோடு பழகு” என்று சொல்லி அனுப்பினார் அப்பா. நால்வர் ஒன்றாக வந்தால் திணறுகிறேன். ஒருவர் வந்தால் மகிழ்கிறேன். மாலையில் நூலகத்தின் பின்னே வேப்பமரத்தடியில் இருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்