பலப்பம் பிடிக்காத கை

வத்தலக்குண்டுப் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எடை போடவும், பதிவேடு எழுதவும், பாட்டுச் சொல்லித்தரவும் கற்றேன். அதற்குமேல் கற்க என்ன இருக்கிறது என்றுதான் பல வருஷம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவன் மூன்று வயதுப் பையன் ஒருவன். சிலேட்டில் 'அ' எழுதச் சொன்னால் பலப்பம் அவன் விரலில் நிற்காது. நான் அவன் கையைப் பிடித்து, அழுத்தி, வளைத்து எழுத வைப்பேன். என்னையும் அப்படித்தானே எழுத வைத்தார்கள்! கொஞ்ச நாளில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பால்வாடின்னு சொன்னாலே கையை மடக்கி அக்குளுக்குள்ள வச்சுக்கிறான் டீச்சர்" என்றாள் அவன் அம்மா. பிடிவாதக்காரப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு புத்தாக்கப் பயிற்சிக்குப் போயிருந்தேன். வயதான டாக்டரம்மா ஒருவர் இரண்டு எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒன்று பெரியவர் கை. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகளும் கூழாங்கல் அடுக்கியதுபோல் நெருக்கமாக இருந்தன. மற்றது மூன்று வயதுப் பிள்ளையின் கை. அதில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் வெறுமை. "அங்கே இருப்பது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் விழாது. அது இறுகி எலும்பாக இன்னும் வருஷங்கள் ஆகும்" என்றார். கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் பிடித்து அழுத்திய கைதான் அந்த ஜன்னலில் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் சிலேட்டை மேலே எடுத்து வைத்தேன். களிமண் பிசையச் சொன்னேன். நிலக்கடலை உரிக்க, ஈரத்துணி பிழிய, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பாட்டிலில் போடச் சொன்னேன். (கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.) ஒரு மாதத்தில் தாய்மார்கள் வந்து நின்றார்கள். "எல்கேஜி பிள்ளைங்க ஏபிசிடி எழுதுது, இங்க மண்ணுல விளையாட விடுறீங்களே?" எக்ஸ்ரே பார்த்த கதையைச் சொன்னேன். அவரவர் தங்கள் பிள்ளையின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். எப்படிச் செய்வது என்பதை மட்டும் கற்றிருந்தால் அன்று வாயடைத்துப் போயிருப்பேன். ஏன் என்பதும் தெரிந்திருந்ததால் பேச முடிந்தது.

ஆனால் ஒரு பயிற்சியின் பலம் எத்தனை நாள் தாங்கும்? மையத்தில் நானும் ஆயாவும்தான். சமையல், சத்துமாவு, கர்ப்பிணிக் கணக்கு, நடுவில் ஏதாவது கணக்கெடுப்பு வேலை. ஆறே மாதத்தில் சிலேட்டு கீழே இறங்கிவிட்டது. பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்காரவைக்க அது வசதி. என்னை மறுபடி நிமிர்த்தியது பக்கத்து ஊர் மையத்து அக்கா. மாதக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில், "இந்த மாசம் எந்தப் பிள்ளை உன்னைத் திணறடிச்சது, சொல்லு" என்பார். நான் சொல்வேன், அவரும் சொல்வார். காதில் சீழ் வடிந்த பிள்ளையை மந்தம் என்று நான் சொன்னபோது, "பின்னாடி நின்னு கைதட்டிப் பார்த்தியா?" என்று கேட்டவர் அவர்தான். தட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியபிறகு அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியது. என் தொழிலில் பாதியை அந்த பஸ் நிறுத்தத்தில்தான் கற்றேன்.

மழலைக் கல்வியின் முன்னோடிகளும் இப்படித்தான் கற்றார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தபோது அவருக்கு 69 வயது. போர்க்காலத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம் எங்கள் மலைமேல், கொடைக்கானலில் இருந்தார். உலகமே குருவாகக் கொண்டாடிய அந்த வயதிலும், பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து கற்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் முறையைப் பெரிய பிள்ளைகளுக்கும் விரித்தார். மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் அந்த முறையையே ஏழைப் பிள்ளைகளின் முற்றத்துக்குக் கொண்டுபோனார். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதில் அங்கே கிடைத்த கல்லையும் விதையையும் எடுத்துக்கொண்டார். பால்வாடிக்கு இன்னொரு பெயரான அங்கன்வாடி என்றால் முற்றத்துத் தோட்டம். அந்தப் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது பயிற்சி கைபேசிக்குள் வந்துவிட்டது. வீடியோ ஓடுகிறது, முடிந்ததும் சான்றிதழ் வருகிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீடியோவிடம், மையத்தின் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்க முடியாது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, மற்றவருக்கு ஒரு வருஷப் பட்டயம், மாதம் ஒரு நேரடி வகுப்பாவது என்று சொல்கிறது. அந்தக் கொள்கையில் நமக்கு வழக்குகள் பல உண்டு. மாதம் ஒரு நேரடி வகுப்பு என்ற அந்த வரியை மட்டும் நான் பிடித்துக்கொள்வேன். எந்த அரசு செய்தாலும் சரி, மாதத்தில் ஒரு நாள், பதிவேடு கேட்காமல், கணக்குக் கேட்காமல், பத்து மையத்து டீச்சர்களை வட்டமாக உட்காரவைத்துப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசவிடுங்கள்.

அதுவரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணே, பக்கத்து ஊர் மையத்துக்கு ஒரு நடை போய் வா. அங்கே இருக்கும் அக்காவிடம், இந்த மாதம் உன்னைத் திணறடித்த பிள்ளையைப் பற்றிச் சொல்.