நூற்றுக்கு எத்தனை?

பொதுமக்கள் கருத்து நமக்கு உவப்பாயின் அதனை மக்கள் தீர்ப்பு என்கிறோம். உவப்பற்றதாயின் பத்திரிகைகள் ஊட்டிய மயக்கம் என்று தள்ளிவிடுகிறோம். நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் நானும் அவ்வாறே பேசி வந்தேன். அண்மையில் இலண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தப் பழக்கம் குலைந்தது.

மகள் சமூகவியல் கற்பிப்பவள். அவளது மேசையில் பிரித்தானிய சமூக மனப்பாங்கு ஆய்வின் அறிக்கைகள் கிடந்தன. 1983 இல் தொடங்கிய இவ்வாய்வில், எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று, பல வினாக்களைச் சொல் மாற்றாமல் மீண்டும் மீண்டும் கேட்டு வந்தனர். வினா மாறாதபோது விடை மாறுமாயின், மாறியது மக்கள் மனமே எனலாம்.

பொருள் ஈட்டுவது ஆணின் வேலை, வீட்டைக் கவனிப்பது பெண்ணின் வேலை என்ற கூற்றை 1984 இல் நூற்றுக்கு 43 பேர் ஏற்றனர். 2012 இல் 13 பேரே ஏற்றனர். ஒருபால் உறவில் தவறேதுமில்லை என்றோர் 1983 இல் 17 பேர். 2022 இல் 67 பேர். மனிதகுலம் முன்னேறியே தீரும் என்ற என் நம்பிக்கைக்குச் சான்று கிடைத்துவிட்டதென மகிழ்ந்தேன்.

அடுத்த அட்டவணை அம்மகிழ்ச்சியைத் தடுத்தது. வரி கூடினாலும் ஏழைகளுக்கான உதவிப்பணத்தை அரசு கூட்டவேண்டும் என்றோர் 1989 இல் 61 பேர். 2009 இல் 27 பேர். பெண்ணுரிமையில் தாராளம் வளர்ந்த அதே ஆண்டுகளில் ஏழைபால் பரிவு வற்றியிருந்தது!

இது ஏன்? பெண்களும் ஒருபால் உறவினரும் தம் உரிமைக்காக அணிதிரண்டு, ஓயாது வாதாடினர். ஏழைக்காக வாதாட வேண்டிய தொழிற்கட்சியோ, 1990களில் உதவிப்பணத்தைக் குறைகூறி வேலையை வலியுறுத்தும் பேச்சுக்கு மாறியது. அக்கட்சியின் ஆதரவாளரிடமே மனமாற்றம் மிகுதியாக இருந்ததென அறிக்கைகள் காட்டுகின்றன. வாதாடுவோர் வாய்மூடிய இடத்தில் எதிர்க்குரலே பொதுக்கருத்தாகிவிடுகிறது.

இதனை நான் உரத்து விளக்கிக்கொண்டிருந்தபோது மகள் குறுக்கிட்டாள்.

“அப்பா, உதவிப்பணத்திலை நூறு பவுணுக்கு எத்தனை பவுண் கள்ளமாப் போகுதெண்டு நினைக்கிறியள்?”

“இருபது, இருபத்தைந்து இருக்கும்” என்றேன், தயக்கமின்றி.

அவள் வேறொரு தாளை எடுத்து நீட்டினாள். 2013 இல் இதே வினாவுக்கு அந்நாட்டு மக்களின் சராசரி மதிப்பீடு 24 பவுண். அரச கணக்கின்படி மோசடியாகப் போனது 70 பென்ஸ்.

நான் வெட்கித் தலைகுனிந்தேன். உதவிப்பணம் பெறும் ஒருவரோடும் நான் அங்கு பேசியதில்லை. ரயில் இருக்கைகளில் பிறர் விட்டுச்சென்ற பத்திரிகைகளின் தலைப்புகளை மட்டும் நாள்தோறும் பார்த்திருந்தேன். ஏழைக்காக மேடையேறிய என் உள்ளத்திலும், ஏழை கள்ளன் என்ற எண்ணம் ஓசையின்றிக் குடிபுகுந்திருந்தது.

கருத்து ஆய்வுகளை நாம் பிறர் அறியாமையைக் காட்டும் சான்றாகவே படிக்கிறோம். இனிமேல் ஒவ்வொரு வினாவுக்கும் முதலில் நம் விடையை எழுதிவைத்துவிட்டு, அதன்பின் அட்டவணையைப் புரட்டுவோம். மாணவருக்குக் கற்பிக்குமுன் நாம் கற்கவேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.